கிணறு அறிந்து பூமரம் நடுவோம்

புலம்பெயர்ந்து வாழும் அன்பர்கள் யாழ்ப்பாணத்திலுள்ள தாய்வீட்டைத் திருத்திக் கட்டி முடித்ததும் கேட்கின்ற கேள்வி ஒன்று உண்டு. "அம்மா தனியே இருக்கிறா. அதிகம் பராமரிக்கத் தேவையில்லாத பூமரங்கள் எவை? எதை நட்டால் முற்றம் வடிவாக இருக்கும்?" ரொறன்ரோவில் இருந்தும் இலண்டனில் இருந்தும் சூரிச்சில் இருந்தும் ஏறக்குறைய இதே சொற்களில் இக்கேள்வி வருகிறது. கேட்பவரின் அக்கறை உண்மையானது. வீடு பெரியது, பிள்ளைகள் தூரத்தில், வீட்டில் இருப்பவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. நீர் விடவும் களை பிடுங்கவும் கூலிக்கு ஆள் கிடைப்பது எளிதன்று.

ஆனால் இக்கேள்விக்கு நடைமுறையில் கிடைக்கும் விடை பெரும்பாலும் பிழையானது. பூக்கன்று விற்கும் இடத்தில் அந்த வாரம் எது பூத்து நிற்கிறதோ அதுவே வீட்டுக்கு வருகிறது. அந்தூரியமும் ஓர்க்கிட்டும் பெரும்பூ ரோசாவும் மலைநாட்டிலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்து இறங்குகின்றன. மாரி முடியும்வரை அவை அழகாகவே இருக்கும். பங்குனி வெயில் தொடங்க இலையோரம் கருகும். வைகாசியில் சோளகம் எழும்ப, தண்டும் வாடும். ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்குப் பிள்ளைகள் வந்து இறங்கும்போது வெறுஞ்சாடிகள் வரிசையாக நிற்கும். அம்மாவுக்குப் பூமரம் பார்க்கத் தெரியவில்லை என்ற பழியும் கூடவே வந்து சேரும்.

அந்தப் பழிக்கு அம்மா உரியவர் அல்லர். எளிதில் வளரும் பூமரங்கள் என்று உலகம் முழுவதற்கும் பொதுவான பட்டியல் எதுவும் கிடையாது. கண்டியில் எளிதானது கைதடியில் கடினம். யாழ்ப்பாணத்தில் ஒரு பூமரம் எளிதா அன்றா என்பதை முதலில் தீர்மானிப்பது அவ்வளவிலுள்ள கிணறு. அடுத்தது காற்று. மூன்றாவது நீர் விடும் கை. இம்மூன்றையும் பாராமல் நடும் பூமரம் எத்தனை விலை கொடுத்து வாங்கியதாயினும் ஒரு கோடை தாண்டாது என்பதே நான் கண்ட உண்மை.

கிணற்று நீரின் குணம்

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடும். நாம் குடிப்பதும் குளிப்பதும் செடிக்கு விடுவதும், சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தேங்கி நிற்கும் மழைநீரே. அம்மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழி வரையான காலத்தில் பெய்து முடிந்துவிடுகிறது. இவ்வாறு தேங்கிய நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லையைப் போல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் அறிந்தோர் சொல்லும் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழே உவர் அதே விகிதத்தில் ஏறிவரும். நிலாவரைக் கிணற்றின் மேல்மட்டத்தில் நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பது இந்த அமைப்பைக் காட்டும் சான்று.

இந்நீருக்கு இன்னொரு குணமும் உண்டு. சுண்ணாம்புக் கல்லூடாக வருவதால் அது வன்னீர். கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவும், பூச்சாடியின் விளிம்பில் படரும் வெண்பொருக்கும் அந்தச் சுண்ணாம்புதான். வெட்சி, ரோசா போன்ற செடிகளின் இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிவதை யாழ்ப்பாணத்தில் எவரும் கண்டிருப்பர். சத்துப் போதவில்லை என்று பசளையை அள்ளிப் போடுவர், மஞ்சள் மாறாது. அச்செடிக்குக் குறைவது இரும்புச் சத்து. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. நமது செம்மண்ணின் சிவப்பே இரும்பினால் வந்தது. சுண்ணாம்பு மிகுந்த நீரிலும் மண்ணிலும் அந்த இரும்பை வேர் உறிஞ்ச முடிவதில்லை, அவ்வளவே. சோற்றுப் பானைக்கு அருகே பசியோடு கிடப்பவனின் நிலை அச்செடிக்கு. புதுவீடு கட்டியபின் மிஞ்சிய சீமெந்துக் கழிவையும் சுண்ணாம்புக் கல்லையும் கொட்டி மூடிய இடத்திலேயே பூப்பாத்தி அமைப்போர், இக்குறையைத் தாமே இரட்டிப்பாக்குகின்றனர்.

குடாநாட்டுக்குள்ளும் மண் ஒரே தன்மையதன்று. வலிகாமத்தின் செம்மண்ணில் வளர்வது தென்மராட்சியின் மணலிலும் வடமராட்சிக் கிழக்கின் கடலோரத்திலும் அவ்வாறே வளரும் என்று எதிர்பார்த்தல் ஆகாது. தீவகத்தில் உவர் தாங்காத செடி நிற்கவே நிற்காது. ஆகவே கன்று வாங்கப் புறப்படுமுன் மூன்று காரியம் செய்தல் நன்று. கோடையின் கடைசியில் கிணற்று நீரைச் சுவைத்துப் பார்க்க வேண்டும். கேத்தலின் அடியைப் பார்க்க வேண்டும். அயல்வீட்டு வளவில், எவரும் கவனியாத மூலையில், எது பூத்து நிற்கிறது என்று பார்க்க வேண்டும். மூன்றாவது சோதனையே மிகப் பெரியது.

கை படாமலே நின்றவை

அச்சோதனையை மிகக் கொடிய முறையில் வரலாறு நமக்குச் செய்து காட்டியிருக்கிறது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். உயர்பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்ட அவர்களது காணிகள், போர் முடிந்த 2009க்குப் பின்னர் கட்டங்கட்டமாகவே விடுவிக்கப்பட்டன. இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் மனிதக் கை படாத வளவுகள் அவை. விடுவிக்கப்பட்ட காணிகளைப் பார்க்கச் சென்ற நாள்களில், கூரையும் கதவும் இல்லாத சுவர்களுக்கு நடுவே, பற்றைக்குள் தேமா பூத்து நின்றதையும், இடிந்த சுவரின்மேல் போகன்வில்லா ஏறிக் கிடந்ததையும் கண்டேன். தம் வீட்டு வாசல் எங்கிருந்தது என்று அடையாளம் காண, அத்தேமாவையே எல்லையாக வைத்து அளந்த முதியவர்களும் இருந்தனர். பராமரிப்பு வேண்டாத பூமரம் எது என்று கேட்போருக்கு இதைவிடத் தெளிவான விடையை எந்த நூலும் தராது.

தேமா நடு அமெரிக்காவிலிருந்து வந்த மரம். தமிழ் அகராதியில் அதற்கு ஈழத்தலரி என்றொரு பெயரும் உண்டு. கிளையை வெட்டி, சில நாள் நிழலில் வைத்துப் பால் உலர்ந்த பின் நட்டால் போதும். கோடையில் இலையை உதிர்த்துவிட்டு, தண்டில் சேர்த்த நீரைக் கொண்டு தாங்கிக்கொள்ளும். இலை உதிர்ந்த மரத்தைப் பட்டதென்று எண்ணி வெட்டிவிடும் அவசரம் மட்டும் கூடாது.

போகன்வில்லாவும் தென்னமெரிக்காவினது. நாம் பூ என்று நினைக்கும் நிறம் உண்மையில் பூவைச் சூழ்ந்த இலை. நடுவிலுள்ள சிறு வெள்ளைக் குழலே பூ. இக்கொடிக்கு நீரை மிகுதியாக விட்டால் இலைதான் மிகும். மாரி கழிந்து மண் காயத் தொடங்கும்போதே அது நிறம் கொள்ளும். நீர் விட மறந்தால் நன்றி சொல்லிப் பூக்கும் செடி வேறெங்கே கிடைக்கும்? முள் உண்டு என்பதால் நடைபாதையை விட்டு விலக்கி நட வேண்டும்.

தமிழகத்தார் செம்பருத்தி என்று சொல்லும் செவ்வரத்தை, கதியால் நடுவது போலக் கொப்பை முறித்து ஊன்றினால் துளிர்ப்பது. நாள்தோறும் பூக்கும்; பூசைக்கும் உதவும். கிணற்றடியிலிருந்து குளித்த நீர் ஓடும் வாய்க்காலின் ஓரம் அதற்கு ஏற்ற இடம். நம் முன்னோர் வாழையையும் செவ்வரத்தையையும் அங்கே வைத்தது தற்செயலன்று. பொன்னொச்சி வேண்டாத வீட்டிலும் நந்தியாவட்டை வேண்டும் என்பேன். அரைநிழலிலும் வெண்மையாகப் பூத்து, வெட்ட வெட்டத் தழைப்பது அது.

நித்தியகல்யாணியைப் பட்டிப்பூ என்று ஒதுக்குவோர் உளர். மடகஸ்காரிலிருந்து வந்த இச்சிறுசெடி மதில் வெடிப்பில்கூட முளைத்து, ஆண்டு முழுவதும் பூக்கிறது. ஆடு கடிப்பதில்லை. 1950களின் இறுதியில் கனடாவின் மேற்கு ஒன்ராறியோப் பல்கலைக்கழகத்தில் ரொபேர்ட் நோபிள், சார்ள்ஸ் பியர் ஆகிய இருவரும் இதன் இலையிலிருந்தே வின்பிளாஸ்ரின் என்னும் புற்றுநோய் மருந்தைப் பிரித்தெடுத்தனர். குழந்தைகளின் குருதிப் புற்றுநோய்க்குப் பயன்படும் வின்கிறிஸ்ரினும் இச்செடியினதே. விலை கொடுத்து வாங்காதது என்பதால் மதிப்பற்றது என்று எண்ணும் நம் மனப்பாங்குக்கு இச்செடி நல்ல பாடம். அதற்கு ஆகாதது ஒன்றே: வேரில் நீர் தேங்குவது.

மல்லிகையும் முல்லையும் சற்று அதிக கவனிப்புக் கேட்பவை. ஆயினும் ஒரு வீட்டில் ஒரு பந்தலாவது இருத்தல் நன்று. மாரி ஓய்ந்த பின் மார்கழி, தை மாதங்களில் கொடியைக் குறுக வெட்டி, அடியில் மாட்டெருப் போட்டால் பங்குனியில் மொட்டு வரும். வெட்டாமல் விட்ட மல்லிகை கொடியாகப் படருமேயன்றிப் பூவாகப் பெருகாது. பவளமல்லிகைக்கு இந்த வேலையும் இல்லை. இரவில் பூத்து விடியலில் தானே உதிரும் அதைப் பறிக்க ஏணியும் வேண்டாம். முற்றத்தில் குனிந்து பொறுக்கினால் போதும். இடம் அகன்ற வளவாயின் ஒரு கொன்றையும் வைக்கலாம்.

கடலோரத்தாருக்கும் தீவகத்தாருக்கும் அலரி உவர் தாங்கும் செடி. எனினும் அலரியின் எல்லாப் பகுதியும் நஞ்சு. மஞ்சள் அலரியின் கொட்டையால் 1980களிலிருந்து யாழ்ப்பாணம் இழந்த உயிர்கள் பல. சிறுவரும் கால்நடையும் உள்ள வளவில் மஞ்சள் அலரியை வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. அதே இடத்தில் சாடியில் பாலைவன ரோசாவையோ தரையில் போகன்வில்லாவையோ வைத்தால் உவரையும் வெயிலையும் அவை தாங்கும். பாலைவன ரோசாவின் பாலும் நச்சுத்தன்மை உடையது என்பதை நினைவில் கொள்க. மாரியில் அச்சாடியைத் தாழ்வாரத்துக்குள் எடுத்து வைக்காவிடின் அடித்தண்டு அழுகிவிடும்.

கார்த்திகைப்பூவைக் கூறாமல் இப்பட்டியலை முடிக்க இயலாது. கோடை முழுவதும் கிழங்காக மண்ணுக்குள் உறங்கி, மழை கண்டு முளைத்து, வேலியைப் பற்றி ஏறி, கார்த்திகையில் தீச்சுடர் போலப் பூத்து, மீண்டும் மண்ணுக்குள் அடங்கும் கொடி அது. நமது பருவக்காற்றோடு இத்தனை பொருந்திய பூ வேறில்லை. தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுவே. விடுதலைப் புலிகள் 2003இல் அதைத் தேசிய மலராக அறிவித்ததால், நம் மண்ணில் அப்பூவுக்கு அரசியலும் சுமையும் ஏறியுள்ளன. வேலியில் தானே முளைப்பதற்கு அச்சுமை தெரியாது. கிழங்கு கடும் நஞ்சு என்பதை மட்டும் வீட்டார் அறிந்திருக்க வேண்டும்.

கையின் அளவுக்கு வேலை

ஏற்ற செடியைத் தேர்ந்தாலும் முதல் ஓராண்டு கவனிப்பு வேண்டும். அந்த ஓராண்டையும் எளிதாக்கும் வழி, நடும் மாதத்தைத் தேர்வதே. விடுமுறைக்கு வருவோர் ஆவணியில் நட்டுவிட்டுப் போகின்றனர். அது மண் மிகக் காய்ந்து, காற்று மிக வறண்ட காலம். ஐப்பசியில் முதல் மழை மண்ணை நனைத்தபின் நட்டால் மூன்று மாதத்துக்கு மழையே நீர் விடும். அதற்குள் வேர் ஆழம் போய்விடும். ஆவணியில் வருவோர் குழியை வெட்டி, பூவரசங்குழையும் காய்ந்த சருகும் மாட்டெருவும் நிரப்பி மூடிவிட்டுப் போகலாம். ஐப்பசியில் அம்மா கொப்பை ஊன்றினால் போதும்.

கோடையில் நாள்தோறும் ஒரு செம்பு தெளிப்பதைவிட, கிழமைக்கு இருமுறை மாலையில் வேர்வரை இறங்க விடுவது மேல். தெளித்த நீர் மேல்மண்ணில் நின்று ஆவியாகும். சுண்ணாம்பை மட்டும் விட்டுச் செல்லும். செடியின் அடியில் சருகு மூடாக்கு இருந்தால் அந்த இருமுறையும் ஒருமுறையாகலாம். சருகைக் கூட்டி எரிப்பது நம்மவரின் நெடுநாள் பழக்கம். எரிப்பது செடிக்குரிய உணவை. இரசாயனப் பசளை இறக்குமதி 2021இல் தடைப்பட்டபோது தோட்டக்காரர் பட்ட துயரம் பெரிது. ஆனால் குழையும் எருவும் உண்ட முற்றத்துப் பூமரங்களுக்கு அத்தடை எட்டவே இல்லை. அன்றியும் கிணற்றுக்கு அருகில் யூரியாப் போடுவது தன் குடிநீரில் தானே நைத்திரேற்றைக் கலப்பதாகும். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அது ஏற்கெனவே மிகுந்துள்ளது.

செவ்வரத்தையில் வெள்ளைப் பஞ்சு போல ஒட்டும் பூச்சி பலரையும் அஞ்ச வைக்கிறது. 2008இல் இலங்கைக்குள் நுழைந்த பப்பாசி மாப்பூச்சி செவ்வரத்தையையும் தேமாவையும் விட்டுவைக்கவில்லை. அதைப் பெரிதும் அடக்கியது, 2009இல் வெளிநாட்டிலிருந்து கொணர்ந்து விடப்பட்ட சிறு குளவியினமே. எல்லாவற்றுக்கும் மருந்து அடிப்பவர் அக்குளவியையும் கொல்கிறார். பூச்சி பற்றிய நுனியை வெட்டி அகற்றுதலும், நீரை வேகமாகப் பீச்சுதலும், வேண்டின் வேப்பெண்ணெயும் வீட்டுக்குப் போதும்.

சாடிக்கு அடியில் தட்டு வைப்பதை அறவே விடுக. 2023இன் இறுதியிலும் 2024இன் தொடக்கத்திலும் யாழ்ப்பாணத்தில் டெங்கு எவ்வளவு கடுமையாகப் பரவியது என்பதை மறக்க முடியாது. தட்டில் நிற்கும் நான்கு விரல் நீர் நுளம்புக்குப் போதுமானது.

முற்றமா, தளமா?

இனி, இக்கட்டுரை சொல்ல வந்த முதன்மையான செய்திக்கு வருகிறேன். பராமரிப்பு வேண்டாம் என்ற அதே எண்ணத்தால், இப்போது முற்றத்தையே சீமெந்தாலும் பதிகல்லாலும் மூடிவிட்டு, மேலே சாடிகளை அடுக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. கூட்ட வேண்டியதில்லை, சேறு இல்லை, பாம்பு வராது என்பர். சிலர், பூமரம் வைத்தால் நீர் வீணாகும், தளம் இட்டால் நீர் மிச்சம் என்றும் சொல்கின்றனர்.

கணக்கைப் பார்ப்போம். 20 சாடிகளுக்கு நாளொன்றுக்கு இரண்டு லீற்றர் வீதம் 200 நாள் கோடை முழுவதும் விட்டாலும் செலவாவது 8,000 லீற்றர். ஒரு பரப்புக் காணி ஏறக்குறைய 250 சதுர மீற்றர். ஆண்டு மழையை 1,000 மில்லிமீற்றர் என்று குறைத்தே வைத்தாலும், அந்த ஒரு பரப்பில் விழும் நீர் இரண்டரை இலட்சம் லீற்றர். மண் முற்றமாயின் அதில் ஒரு பங்கு ஆவியாகும்; ஒரு பங்கு ஓடும்; எஞ்சியது கிணற்றுக்கு இறங்கும். தளம் இட்டால் ஏறக்குறைய முழுவதும் வீதிக்கும் வாய்க்காலுக்கும் அங்கிருந்து கடலுக்கும் போய்ச் சேரும். பூமரம் கிணற்றிலிருந்து எடுப்பது சிறிது. தளம் கிணற்றுக்கு வரவேண்டியதைத் தடுப்பது பெரிது. ஒரு வீட்டின் தளத்தால் குடாநாட்டின் கிணறு வற்றிவிடாது. ஆனால் ஓர் ஒழுங்கை முழுவதும் மதிலும் தளமுமாக மாறும்போது, அங்கே மழைநீர் இறங்க இடமேது?

தளம் இடுவோர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. எழுபது வயதான ஒருவர் மாரிச் சேற்றில் வழுக்கி விழுந்தால் அதன் பின் எழுவதே அரிது. இருட்டில் கிணற்றடிக்குப் போகும் வழியில் பாம்பு பற்றிய அச்சமும் வீண் அச்சமன்று. ஆகவே நடக்கும் வழிக்குத் தளம் இடுக. வாசலிலிருந்து படலை வரையும், குசினியிலிருந்து கிணற்றடி வரையும் மூன்றடி அகலத்தில் உறுதியான பாதை போதும். அப்பாதையின் இருமருங்கும் தேமா, நந்தியாவட்டை போன்றவற்றைக் கீழ்க்கிளை கழித்து வளர்த்தால் அடியில் எதுவும் ஒளிந்திருக்க இடமிராது. எஞ்சிய நிலம் மண்ணாக இருக்கட்டும். கூரை நீரையும் ஒரு குழிக்குள் விட்டு நிலத்துக்குள் இறக்கலாம். அக்குழி மலசலகூடக் குழிக்கு விலகி இருக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம்.

வீடு திருத்தப் பணம் அனுப்பும் அன்பர்களிடம் இதையே கேட்டுக்கொள்கிறேன். பதிகல்லுக்கு ஒதுக்கிய தொகையில் பாதியை மிச்சம் பிடியுங்கள். அடுத்த தொலைபேசி அழைப்பில் அம்மாவிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: இந்தக் கோடையில் கிணறு எவ்வளவு இறங்கியது, நீரில் உவர் தட்டியதா, அயல்வீட்டு வேலியில் இப்போது எது பூத்திருக்கிறது? மூன்றாவது விடையில் வரும் பூமரத்திலிருந்து ஒரு கொப்பு கேட்டு வாங்கி, ஐப்பசி மழையில் ஊன்றச் சொல்லுங்கள். அதற்கு ஒரு சதமும் செலவில்லை. கேட்டால் கொப்பு மறுக்கும் அயலவர் யாழ்ப்பாணத்தில் இன்னும் தோன்றவில்லை.